சம்பாதிப்பது மன்றம், சாவி மாநிலத்திடம்

ஜனவரி பிறந்த சில நாளிலேயே பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் தபால் பெட்டிகளில் மாநகர் மன்றத்தின் பில் விழுந்துவிடும். அதைக் கையில் பிடித்தபடி மூன்றாம் மாடி அக்கா லிஃப்ட் வாசலில் என்னை மடக்கினார்.

"ஏன் தம்பி, நவம்பர்லதான் சட்டமன்றத்துல பட்ஜெட் போட்டாங்க. அதுக்கு இவ்வளவு, இதுக்கு இவ்வளவுன்னு பேப்பர் முழுக்க வந்துச்சு. அப்புறம் எதுக்கு என்கிட்ட மறுபடியும் சுக்காய் பிந்து கேக்குறாங்க? அந்தக் காசு இங்க வராதா?"

வரும் என்றால் பாதிப் பொய். வராது என்றாலும் பாதிப் பொய். எங்கள் லிஃப்ட் மெதுவாகத்தான் வரும். அப்படியும் அது வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதங்களைப் பிரித்து வைப்போம். சொந்த வீடு உள்ளவருக்கு ஆண்டில் இரண்டு வகை வரி வரும். ஒன்று நில வரி, நம் பேச்சில் சுக்காய் தானா. அடுக்குமாடி வீடுகளுக்கு அதுவே சுக்காய் பெத்தாக் என்ற பெயரில் வரும். ஆண்டுக்கு ஒருமுறை, மே 31க்குள் கட்ட வேண்டும். பணம் மாநில அரசுக்குப் போகிறது. மற்றது மதிப்பீட்டு வரி, அக்கா சொன்ன சுக்காய் பிந்து. இது இரண்டு தவணை: பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று. பணம் மாநகர் மன்றத்துக்கு. நாம் இரண்டையும் சேர்த்து 'கவர்மெண்ட் வரி' என்று சொல்லிவிடுகிறோம். பெட்டி வேறு, பூட்டு வேறு.

இந்தக் குழப்பத்தில், அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தார் கட்டடத்துக்கும் பங்குண்டு. முதலமைச்சரின் அலுவலகம் அங்கே 28ஆம் மாடியில். மாநகர் மன்றத்துக்குப் பணம் கட்டும் கவுண்டர் அதே கட்டடத்தில் கீழே. எங்கள் அப்பா காலத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "கொம்தார்ல போய்க் கேளு." கேட்கப் போகிறவர் லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

மலேசியாவில் அரசாங்கம் மூன்று அடுக்கு. மேலே புத்ராஜெயாவில் மத்திய அரசாங்கம், நடுவில் மாநிலம், கீழே ஊராட்சி மன்றங்கள். பினாங்கில் ஊராட்சி மன்றங்கள் இரண்டே: தீவுக்குப் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்துக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம். பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தடையற்ற வர்த்தக மண்டலத்தில் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லாபத்துக்கான வருமான வரி புத்ராஜெயாவுக்கு. அது நிற்கும் மண்ணுக்கான வரி மாநிலத்துக்கு. கட்டடத்துக்கான மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்துக்கு. ஒரே கூரை, மூன்று கஜானா. இதில் கொழுத்த பங்கு எது என்று சொல்லத் தேவையில்லை. வருமான வரி, விற்பனை வரி, சுங்கம் எல்லாம் மத்தியில் இருப்பதால், மாநிலத்திடம் மிஞ்சுவது நிலமும் நிலம் சார்ந்த கட்டணங்களும்தான். பினாங்கு மாநிலத்தின் ஆண்டு பட்ஜெட் அண்மைக் காலத்தில் சுமார் 100 கோடி வெள்ளி (ரிங்கிட்) அளவில்தான் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மாநிலம் ஏன் மாநகர் மன்றத்துக்கு அள்ளிக் கொடுப்பதில்லை என்பது விளங்கும்.

கோலாலம்பூர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. 1974இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகு உங்களுக்கு மாநில அரசும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. உங்கள் மேயரான டத்தோ பண்டாருக்கு மேலே நேராக மத்திய அரசாங்கம். நான் சொல்லும் நடு அடுக்கு உங்கள் ஊரில் கிடையாது.

மேயரை யார் போட்டது?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் நேரான பதில் இருந்தது: நாங்கள் ஓட்டு போட்டு அனுப்பிய உறுப்பினர்கள். மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்தது இங்கேதான், 1951 டிசம்பரில். 1957 ஜனவரி 1ஆம் தேதி, சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முன்பு, அரச சாசனத்தின்படி ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன். தமிழர், தொழிற்கட்சிக்காரர். ஸ்காட் ரோடு என்று இருந்த சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு கதை.

அந்த நாளில் மாநிலத்தை ஆண்டது கூட்டணிக் கட்சி. மாநகர் மன்றம் சோசலிச முன்னணியின் கையில். ஒரே ஊரில் இரண்டு நிறம். 1965இல், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் நிர்வாகத்தை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், அவரும் நம்மவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தற்காலிகமாக நின்றதை நிரந்தரமாக மூடியது.

பினாங்கு சும்மா இருக்கவில்லை. 2012இல் நம் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலை மீட்பதற்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் ஊராட்சித் தேர்தல் என்ற சொல்லே இருக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 171 தேர்தலே கிடையாது என்று சொல்லிவிட்டதால், மாநிலச் சட்டம் அதன் முன் நிற்கவில்லை. சட்டமன்றம் கைதூக்கிவிட்டாலே எல்லாம் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். மாநிலம் மன்றத்துக்கு மேலே இருக்கிறது. மாநிலத்துக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார்.

ஆக இன்றைய நிலை இது. மேயரையும், 8க்குக் குறையாமல் 24க்கு மேற்படாமல் உள்ள மன்ற உறுப்பினர்களையும் மாநிலம் நியமிக்கிறது. ஒருமுறை நியமித்தால் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. 2023இல் தீவின் மேயராகப் பொறுப்பேற்ற ஏ. ராஜேந்திரன் மன்றத்தின் பொறியியல் துறையிலிருந்து வளர்ந்து வந்தவர். ராமநாதனுக்கும் ராஜேந்திரனுக்கும் நடுவே அறுபது ஆண்டுக்கு மேல். அவர் ஓட்டு வாங்கி வந்தவர், இவரைக் கடிதம் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆளின் தகுதியைப் பற்றி நான் பேசவில்லை. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

'மாநில அதிகாரம்' என்றால் சட்டமன்றமா?

பலர் தடுக்கி விழும் இடம் இது. சட்டம் 171ஐத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் வரும்: பிஹாக் பெர்குவாசா நெகிரி, மாநில அதிகாரம். மன்றம் ஒவ்வோர் ஆண்டும் தன் வரவு செலவுத் திட்டத்தை மாநில அதிகாரத்திடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வரி விகிதத்துக்கு மாநில அதிகாரத்தின் ஒப்புதல் வேண்டும். கடன் வாங்க அதன் சம்மதம் வேண்டும். மன்றம் எழுதும் துணைச் சட்டம், அங்காடிக் கடை பற்றியோ நாய் வளர்ப்பு பற்றியோ எதுவானாலும், மாநில அதிகாரம் உறுதி செய்து அரசிதழில் வந்த பிறகுதான் உயிர் பெறும். எந்தக் கொள்கையில் நடக்க வேண்டும் என்று பொதுவான உத்தரவு கொடுக்கவும் அதற்கு உரிமை உண்டு.

யார் இந்த மாநில அதிகாரம்? காகிதத்தில் யாங் டி பெர்துவா நெகிரி, அதாவது ஆளுநர். நடப்பில் ஆளுநர், மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படிதான் நடக்கிறார். ஆகவே முதலமைச்சரும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுக்கும் முடிவுதான் அது. லைட் ஸ்திரீட்டில் உள்ள சட்டமன்றத்தில் 40 பேர் உட்கார்ந்து விவாதித்து எடுப்பது அல்ல.

மாநகர் மன்றத்தின் பட்ஜெட் சட்டமன்றத்தில் ஓட்டுக்கு வருவதில்லை. நவம்பரில் சட்டமன்றத்தில் ஓட்டுக்கு வருவது மாநிலத்தின் சொந்த பட்ஜெட். நாளிதழ்கள் இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போடும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சட்டமன்றத்தில் உங்கள் ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், மாநகர் மன்றத்தைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், ஊராட்சித் துறை ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து பதில் சொல்வார். அந்தக் கேள்வி நேரம் பெரிய ஆயுதம். ஆனாலும் அது கேள்விதான், கையெழுத்து அல்ல. கையெழுத்து மூடிய அறைக்குள் நடக்கிறது. என்னைக் கேட்டால் இந்த அமைப்பில் இருக்கும் பெரிய குறை இதுதான். மேயரும் தேர்ந்தெடுக்கப்படாதவர், அவருடைய கணக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முன் பகிரங்கமாக ஓட்டுக்கு வருவதில்லை.

இனி அக்காவின் பில்லுக்கு வருவோம்

மன்றத்தின் வருமானத்தில் பெரும்பங்கு மதிப்பீட்டு வரி. மீதி உரிமக் கட்டணம், கார் நிறுத்தும் கட்டணம், வாடகை, அபராதம், அரசாங்க மானியம். மாநிலம் பட்ஜெட் போட்டதால் மன்றத்தின் வரி நின்றுவிடாது. மன்றம் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்கிறது. பீரோ சாவி மட்டும் அதனிடம் இல்லை.

எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக என்ன வரும் என்று மன்றத்தின் மதிப்பீட்டுத் துறை கணிக்கிறது. அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். நீங்களே குடியிருந்தாலும் கணக்கு அதேதான். மாதம் 1,000 வெள்ளி வாடகை போகும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 12,000. விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். புரிவதற்காக நான் எடுத்த எண் அது, உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12,000இல் 8 விழுக்காடு 960. தவணைக்கு 480.

இப்போது அந்த வட்டாரத்தில் வாடகை 1,500 ஆகிவிட்டது என்று வையுங்கள். மறுமதிப்பீடு செய்தால் ஆண்டு மதிப்பு 18,000. அதே 8 விழுக்காடு என்றால் 1,440. ஊரே கொதிக்கும். ஆட்சிக்குழு விகிதத்தை 6 ஆகக் குறைத்தால் 1,080. வீட்டுக்காரருக்கு 120 வெள்ளிதான் கூடுகிறது, மன்றத்துக்கு வந்திருக்க வேண்டிய 360 வெள்ளி வரவில்லை. இதை ஆயிரக்கணக்கான வீடுகளால் பெருக்கிப் பாருங்கள். சட்டப்படி உச்சவரம்பு ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு. அதற்குக் கீழே எங்கே நிறுத்துவது என்பதற்கு மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும்.

எப்போது மறுமதிப்பீடு என்பதிலும் மாநிலத்தின் கை இருக்கிறது. சட்டம் சொல்வது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அதோடு சேர்த்து, மாநில அதிகாரம் அந்தக் காலத்தை நீட்டலாம் என்றும் சொல்கிறது. நீட்டாத மாநிலம் ஏது? சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போது வீட்டு வரியைத் தொட எந்த ஆட்சிக்குத் துணிச்சல் வரும்? அப்படியே பத்துப் பன்னிரண்டு ஆண்டு போனால், கடைசியில் தொடும்போது படிப்படியாக ஏற வேண்டியது ஒரே பாய்ச்சலாக ஏறும். அன்றைக்குத் திட்டு வாங்குவது மாநகர் மன்றம். இடைப்பட்ட ஆண்டுகளில் "வரியை உயர்த்தவில்லை" என்று பெயர் வாங்கியது மாநிலம். அதே காலத்தில் குப்பை லாரிக்கு டீசல் விலை ஏறியிருக்கும், ஊழியர் சம்பளம் ஏறியிருக்கும், கால்வாய் குத்தகையின் விலை ஏறியிருக்கும். மன்றத்தின் வரவு மட்டும் பழைய வாடகைக் கணக்கிலேயே நிற்கும்.

தள்ளுபடி அறிவிப்புகளும் இப்படித்தான். 'மலிவு விலை வீடுகளுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு' என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியை: அந்தக் கழிவை மாநிலம் தன் பணத்தில் ஈடுகட்டுகிறதா, மன்றம் தாங்குகிறதா? பெரும்பாலும் செய்தியில் அந்த வரி இருக்காது. கழிவு நல்லதுதான், எங்கள் அடுக்குமாடியில் பலருக்கு அது மூச்சு. ஆனால் மொய் எழுதுவது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர் என்றால் கேட்கத்தானே வேண்டும்.

மாநிலப் பணம் எந்த வழியாக வருகிறது?

மூன்று ஆண்டு எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் செயலாளராக இருந்தேன். யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். அப்போது கற்றதுதான் இந்தப் பகுதி.

லிஃப்ட் கெட்டுப்போனது. புது மோட்டாருக்கான விலையைப் பார்த்தபோது எங்கள் சேமிப்பு நிதியில் கால்வாசிக்குக்கூடப் பணமில்லை. பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் கட்டியவர்களின் பட்டியலைவிட நீளம். குழு மாநகர் மன்றத்துக்குப் போனது, ஏனென்றால் அடுக்குமாடி நிர்வாகங்களை மேற்பார்க்கும் கட்டட ஆணையர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே போனதும் தெரிந்தது, மன்றம் மேற்பார்வை செய்யும், பணம் தராது. பணம் மாநிலத்திடம். மலிவு விலை அடுக்குமாடிகளின் லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய பழுதுகளுக்குச் செலவில் 80 விழுக்காடு வரை மாநிலம் தரும் திட்டம் பினாங்கில் இருக்கிறது. மீதி 20ஐ வீட்டுக்காரர்கள் போட வேண்டும். எங்களுக்கு அந்த 20ஐத் திரட்டத்தான் நாக்கு தள்ளியது. கடைசியில் லிஃப்ட் ஓடியது, மெதுவாக.

இதில் பட்ஜெட் எங்கே வருகிறது? அந்த 80 விழுக்காட்டுத் திட்டத்துக்கு ஓர் ஆண்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பது நவம்பரில் சட்டமன்றத்தில் முடிவாகும் தொகை. அது குறைந்தால் வரிசை நீளும். உங்கள் விண்ணப்பம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். கட்டட ஆணையர் அலுவலகத்து மேசையில் இருக்கும் அதிகாரியிடம் கத்தி ஒன்றும் ஆகாது. நான் கத்தியிருக்கிறேன்.

பட்ஜெட்டில் இரண்டு கணக்கு இருக்கும்: நிர்வாகச் செலவு, மேம்பாட்டுச் செலவு. மேம்பாட்டுப் பட்டியலில்தான் புதுச் சந்தை, பூங்கா, மழைநீர்க் கால்வாய், நடைபாதை எல்லாம் வரும். திறப்பு விழாவும் அதற்குத்தான். ஆனால் கட்டி முடித்த பூங்காவின் புல்லை வெட்டுவது, விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது, கழிப்பறையைக் கழுவுவது யார்? பெரும்பாலும் மாநகர் மன்றம், ஒவ்வோர் ஆண்டும், தன் வரிப் பணத்தில். யானையை வாங்கிக் கொடுக்கிறார்கள். கட்டித் தீனி போடுவது மன்றத்தின் பாடு.

சாலைக்கு வேறு ஒரு வழி. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசாங்கம் மாரிஸ் என்ற மானியம் தருகிறது. அது மாநிலத்தின் கைக்கு வந்து, அங்கிருந்து ஊராட்சி மன்றங்களுக்குப் பிரிகிறது. உங்கள் வீட்டு முன்னால் உள்ள குழியை மன்றம் அடைத்தாலும், தாருக்கான காசு மூன்று கைமாறி வந்திருக்கலாம்.

நிலமும் பணம்தான். சந்தையோ கார் நிறுத்துமிடமோ கட்ட மன்றத்துக்கு மண் வேண்டும், மண் மாநிலத்தினுடையது. கட்டுமானத் திட்டத்துக்கு அனுமதி கொடுப்பது மாநகர் மன்றம் என்றாலும், எந்த மண்ணில் எதைக் கட்டலாம் என்ற பெருந்திட்டத்தை வகுப்பது முதலமைச்சர் தலைமையிலான மாநிலத் திட்டமிடல் குழு. 250 அடிக்கு மேலே உள்ள மலை நிலத்தில் கட்டக் கூடாது என்ற விதி அங்கிருந்து வந்ததுதான். மலையில் மண் சரியும்போது மன்றமும் மாநிலமும் மாறி மாறிக் கைகாட்டுவதற்கு இந்தப் பங்கீடு வசதியாக இருக்கிறது.

குப்பை: முடிவு மாநிலத்தினுடையது, லாரி மன்றத்தினுடையது

மாநிலத்தின் ஒரு முடிவு மாநகர் மன்றத்தை எப்படி அடியோடு மாற்றும் என்பதற்குக் குப்பையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2007இல் நாடாளுமன்றம் திடக்கழிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது, சட்டம் 672. 2011 செப்டம்பரில் அது நடப்புக்கு வந்தது. ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் குப்பை அள்ளும் வேலை மன்றத்தின் கையைவிட்டு மத்திய அரசாங்கத்தின் கழகத்துக்கும் அதன் குத்தகை நிறுவனங்களுக்கும் போனது. பக்கத்துக் கெடா ஏற்றது. ஜொகூர், மலாக்கா, பஹாங் ஏற்றன. பினாங்கு ஏற்கவில்லை, சிலாங்கூரும் ஏற்கவில்லை.

அந்த ஒரு 'மாட்டோம்' என்ற முடிவால், செபராங் பிறையில் பாலத்தைத் தாண்டிக் கெடா எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் குப்பை லாரியின் முதலாளியே மாறிவிடுகிறார். இந்தப் பக்கம் லாரி, ஆள், குத்தகை, மாற்று நிலையம் எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. தீவின் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையம் வழியாக, கடலுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலில் உள்ள புலாவ் பூரோங் கிடங்குக்குப் போகிறது. ஒவ்வொரு டன்னுக்கும் செலவு. மன்றத்தின் செலவுப் பட்டியலில் துப்புரவு எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். 2016 ஜூனில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்லி மாநிலம் கொள்கை கொண்டுவந்ததும், மறு ஆண்டு முதல் பிரிக்காதவர்களுக்கு அபராதம் என்றதும் வெறும் சுற்றுச்சூழல் பற்று மட்டுமல்ல. கிடங்குக்குப் போகும் டன் குறைந்தால் மன்றத்தின் பில் குறையும்.

மாநிலம் செய்தது சரியா? நான் சரி என்றுதான் சொல்வேன். மத்திய நிறுவனத்திடம் கொடுத்திருந்தால் மன்றத்தின் சுமை குறைந்திருக்கும், உண்மை. ஆனால் குப்பை எடுக்காத நாளில் யாரைக் கூப்பிடுவது? இப்போதாவது கொம்தாருக்குப் போன் போடலாம். தவிர, இந்த ஊரின் துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். நகராண்மைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் எங்கள் அடுக்குமாடியிலேயே உண்டு. தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு ரதம் போகும் சாலையெல்லாம் தேங்காய்ச் சில்லாகக் கிடக்கும். மறுநாள் காலையில் கார் ஓடுகிறதென்றால் அதற்கு மன்றத்தின் துப்புரவு ஆட்கள்தான் காரணம். தண்ணீர்மலையில் முருகனுக்கு நாம் சொல்லும் நன்றியில் ஒரு பங்கை அவர்களுக்கும் ஒதுக்கலாம்.

மாநிலம் சொல்ல, மன்றம் பிடிக்கும்

சில முடிவுகளில் பணம் அவ்வளவாக இல்லை, ஆள்பலம்தான். இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்ற கொள்கையைப் பினாங்கு 2009இல் தொடங்கியது. முதலில் வாரத்தில் ஒரு நாள், பிறகு எல்லா நாளும். முதலில் பைக்கு 20 சென், பிறகு 1 வெள்ளி. அறிவித்தது மாநிலம். கடைக்குப் போய்ப் பார்ப்பவர் மன்றத்தின் அதிகாரி, ஏனென்றால் கடைக்கான லைசென்ஸ் மன்றத்தின் கையில். 2016 முதல் அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமையல் செய்யக் கூடாது என்ற விதியும் அப்படித்தான் வந்தது. பினாங்கின் சாப்பாட்டுப் பெயரைக் காப்பது நோக்கம். லைசென்ஸ் மன்றத்தினுடையது என்பதால், மாநிலத்தின் எந்த ஆசையையும் லைசென்ஸ் நிபந்தனையாக மாற்றிவிடலாம். சட்டமன்றத்தில் தனிச் சட்டம்கூடத் தேவைப்படுவதில்லை.

கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வழிபாட்டுத் தலம், உரிமம் பெற்ற இடுகாடு, பள்ளி, தருமக் காரியத்துக்கான இடம் ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த விலக்கைக் கொடுப்பதும் மாநில அதிகாரம்தான், மன்றம் அல்ல. அந்த வேலைக்கு மட்டுமே இடம் பயன்பட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கோவில் நிலத்தில் முன்பக்கம் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டால், கடைக்குச் சாமி பெயரில் விலக்கு வராது.

அக்காவின் பில்லுக்கு ஒரு வழி பாக்கி இருக்கிறது. மறுமதிப்பீடு நடக்கும்போது புதிய ஆண்டு மதிப்பைச் சொல்லி மன்றம் நோட்டீஸ் அனுப்பும். அதில் ஆட்சேபணை தெரிவிக்க ஒரு கடைசித் தேதி இருக்கும். 'என் வீட்டுக்கு 1,500 வாடகை வரும் என்கிறீர்கள். இதே மாடியில் 1,100க்குத்தான் விட்டிருக்கிறார்கள், இதோ ஒப்பந்தம்' என்று எழுதிக் கொடுக்கலாம், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். தேதி தாண்டினால் அடுத்த பட்டியல் வரும்வரை உட்கார வேண்டியதுதான். பில் வந்த பிறகு கவுண்டரில் சண்டை போடுவது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. இன்னொன்று, பினாங்கில் 2010இல் நிறைவேறிய தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மாநில இலாகாக்களிடம் மட்டுமல்ல, மாநகர் மன்றத்திடமும் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மலேசியாவில் இப்படியொரு சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் மிகக் குறைவு, நாம் அதைப் பயன்படுத்துவதும் மிகக் குறைவு.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லி முடித்தேன். பின்பக்கக் கால்வாய் அடைத்திருப்பதை யாரிடம் சொல்வது என்று கேட்டார். சின்னக் கால்வாய் மன்றத்தின் வேலை, ஆறு என்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா, ஆகவே நம் பகுதி மாநகர் மன்ற உறுப்பினரிடம் சொல்லலாம் என்றேன். தலையாட்டிவிட்டு நேராக ஒய்பியின் சேவை மையத்துக்குப் போனார். ஒய்பிக்குக் கால்வாய் மீது சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் மன்ற உறுப்பினர்களை நியமிக்கும் ஆட்சி அவருடைய கட்சியினுடையது. மூன்றாம் நாள் மன்றத்தின் ஆட்கள் வந்து கால்வாயைத் தோண்டினார்கள்.

"நீ சொன்னதெல்லாம் சரிதான் தம்பி," என்றார் அக்கா. "ஆனா அந்த உறுப்பினர் யாருன்னே எனக்குத் தெரியாது. ஒய்பி நம்பர் போன்ல இருக்கு."